கார் பின்னால் ஓடிய சிறுவன்

1989-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் மோட்டார் கண்காட்சி. அங்கே ஒரு புதிய காரை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

தரையோடு தரையாகப் படுத்த கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். என்ஜின் முன்னால் இல்லை. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உடம்பு முழுவதும் அலுமினியம். பெயர் என்.எஸ்.எக்ஸ்.

கார்ப் பைத்தியங்கள் என்று சிலரைச் சொல்வார்கள். சொந்தமாகக் கார் இருக்கிறதோ இல்லையோ, எந்தக் கார் எவ்வளவு வேகம் போகும், எந்த என்ஜின் எப்படி உறுமும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். உலகம் முழுவதும் அப்படிப்பட்டவர்கள் இந்தக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மகிழ்ச்சியை விடச் சந்தேகம்தான் அவர்கள் பேச்சில் அதிகம் இருந்தது.

ஏன் சந்தேகம்? அது ஜப்பான் கார்!

வேகக் கார் என்றால் இத்தாலியின் ஃபெராரி. இல்லாவிட்டால் ஜெர்மனியின் போர்ஷே. அதுதான் அவர்கள் கணக்கு. ஜப்பான் கார் விலை குறைவு, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், பழுதாகாது. குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் அது பசுமாடு. புலியோடு ஓட முடியுமா?

இந்தக் கேள்வி அன்று புதிதாகப் பிறந்தது அல்ல. முப்பத்தைந்து வருஷமாக ஒரு மனிதரைப் பார்த்து உலகம் கேட்டு வந்த கேள்வி. 1989-ல் அந்த மனிதருக்கு வயது 82. பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா. நம் ஊர்த் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் நாம் தினமும் பார்க்கும் பெயர்தான்.

அவர் கதையைக் கேளுங்கள்.

கொல்லன் மகன்

ஜப்பானில் ஷிசுவோக்கா என்று ஒரு மாகாணம். அங்கே கோமியோ என்ற சின்னஞ்சிறு கிராமம். இன்று அது ஹமாமாட்சு நகரத்தோடு சேர்ந்துவிட்டது. 1906-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி அந்தக் கிராமத்தில் ஹோண்டா பிறந்தார்.

தகப்பனார் கிஹெய், கொல்லர். தாயார் மிக்கா, தறி நெய்பவர். வீட்டில் செல்வம் இல்லை. உலையும் சம்மட்டியும் இருந்தன. பிற்பாடு தகப்பனார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்தார்.

பையனுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. இரும்பைத் தட்டுவதில் இருந்தது.

ஒருநாள் கிராமத்துக்கு ஒரு மோட்டார் கார் வந்தது. அந்த ஊர் அதுவரை கார் கண்டதில்லை. கார் கிளம்பியதும் சிறுவன் அதன் பின்னால் ஓடினான். மூச்சு வாங்கும் வரையில் ஓடினான். கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்து கிடந்தது. குனிந்து அதை மோந்து பார்த்தான். கையில் தடவிக்கொண்டான்.

அந்த எண்ணெய் வாசனையைத் தாம் கடைசிவரை மறக்கவில்லை என்று பெரியவரான பிறகு அவர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

1917-ம் ஆண்டு ஹமாமாட்சுவில் அமெரிக்க விமானி ஒருவர் ஆகாய விமானத்தில் வித்தை காட்டினார். பையன் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டான். சைக்கிள் பெரியது, கால் எட்டவில்லை. எப்படியோ மிதித்துப் போய்ச் சேர்ந்தான். டிக்கெட் வாங்கக் கையில் காசு போதவில்லை. அதற்காகத் திரும்பிவிடுவானா? பக்கத்தில் இருந்த மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்த்தான்.

குழந்தை தூக்கிய பையன்

1922-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்று ஒரு மோட்டார் பட்டறை. அங்கே வேலைக்குச் சேர்ந்தான். வயது 15.

கார்களுக்கு நடுவில் வேலை என்று கனவு கண்டு போனவனுக்கு முதலாளி கொடுத்த வேலை என்ன தெரியுமா? அவருடைய குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பார்த்துக்கொள்வது! மாதக்கணக்கில் அதே வேலை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று மனம் தவித்தது. ஆனாலும் பொறுத்தான். ஒரு பனிநாளில் பட்டறையில் ஆள் போதவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கையில் கருவியைக் கொடுத்தார்கள். அன்று காருக்கு அடியில் நுழைந்தவன்தான்!

1923 செப்டம்பர் 1-ந் தேதி டோக்கியோவை மாபெரும் பூகம்பம் தாக்கியது. ஊர் தீப்பற்றி எரிந்தது. பட்டறையில் நின்ற கார்களைக் காப்பாற்ற வேண்டும். அதுவரை கார் ஓட்டியே அறியாத ஹோண்டா ஒரு காரில் ஏறி, ஓடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனார். நகரமே எரியும்போது தம் முதல் சவாரியை நினைத்து உள்ளுக்குள் துள்ளியதாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

முதலாளி சகாகிபாரா பந்தயக் கார்களில் ஆசை உள்ளவர். பழைய விமானம் ஒன்றின் என்ஜினைப் பொருத்தி ஒரு பந்தயக் கார் செய்தார். 1924 நவம்பரில் நடந்த பந்தயத்தில் அது முதலாவதாக வந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர் ஹோண்டா. வயது 18 கூட நிறையவில்லை, அல்லது அப்போதுதான் நிறைந்தது. வேகத்தின் ருசி அன்றே ஒட்டிக்கொண்டது.

1928-ல் முதலாளி அவரை ஹமாமாட்சுவுக்கு அனுப்பி, அங்கே கிளை வைக்கச் சொன்னார். கிளை நன்றாக நடந்தது. கையில் பணம் புரண்டது. உடனே தாமே ஒரு பந்தயக் கார் கட்டினார்.

1936 ஜூன் 7-ந் தேதி. டோக்கியோவுக்கு அருகில் தாமா ஆற்றங்கரையில் பந்தயம். ஹோண்டா ஓட்டினார், பக்கத்தில் தம்பி பென்ஜிரோ. வேகமாகப் போகும்போது குறுக்கே வந்த இன்னொரு காரில் மோதியது. இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். அண்ணனுக்கு முகத்தில் காயம். தம்பிக்குப் பலத்த அடி.

பந்தயம் என்பது வெறும் விளையாட்டு அல்ல என்பதை அன்று அவர் உடம்பு தெரிந்துகொண்டது. மனம் தெரிந்துகொள்ள இன்னும் பல வருஷம் ஆயிற்று.

ஐம்பதில் மூன்று

பழுதுபார்க்கும் தொழில் அவருக்குப் போதவில்லை. எதையாவது புதிதாகச் செய்ய வேண்டும். பிஸ்டன் வளையம் செய்வதென்று தீர்மானித்தார்.

என்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். அதைச் சுற்றி மோதிரம்போல் மாட்டுவது பிஸ்டன் வளையம். வளையம் சரியில்லை என்றால் வாயு கசியும். என்ஜின் பலம் இழக்கும். பார்வைக்குச் சிறிய பொருள். செய்வதோ மகா கடினம்.

இரவு பகலாகப் பாடுபட்டார். வார்த்த வளையம் எல்லாம் நொறுங்கியது. கொல்லன் மகனுக்கு இரும்பு தெரியும். இரும்பின் இரசாயனம் தெரியவில்லை. ஒரு நிபுணரிடம் காட்டினார். அதில் சிலிக்கன் போதவில்லை என்று அவர் கண்டு சொன்னார்.

உடனே ஹோண்டா என்ன செய்தார்? முப்பது வயதில் மறுபடியும் மாணவர் ஆனார்! ஹமாமாட்சு தொழிற்கல்விக் கூடத்தில் இளைஞர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டார். தமக்குத் தேவையான பாடத்தை மட்டும் கேட்டார். பரீட்சை எழுதவில்லை. ஆகவே பட்டம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

டொயோட்டா கம்பெனிக்கு முதன்முதலில் 50 வளையங்கள் சோதனைக்குப் போயின. தேறியவை மூன்று! மற்ற 47-ம் தள்ளுபடி. மறுபடியும் உழைத்தார். கடைசியில் டொயோட்டா அவருடைய வளையங்களை வாங்கியது.

பிறகு உலக யுத்தம் வந்தது. குண்டு விழுந்தது. 1945 ஜனவரியில் வந்த பூகம்பம் தொழிற்சாலையைச் சாய்த்தது. யுத்தமும் தோல்வியில் முடிந்தது. மிஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றுவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தார்.

சைக்கிளில் பூட்டிய என்ஜின்

தோற்றுப்போன நாட்டில் ரயில் நெரிசல், பஸ் இல்லை, பெட்ரோல் இல்லை. சைக்கிள் ஒன்றே கதி. அரிசிக்கும் காய்கறிக்கும் ஜனங்கள் மைல்கணக்கில் மிதித்தார்கள்.

இராணுவம் விட்டுப்போன சிறு என்ஜின்கள் சில ஹோண்டாவின் கண்ணில் பட்டன. கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருந்தவை அவை. ஒன்றை எடுத்துச் சைக்கிளில் பூட்டினார். பெட்ரோல் தொட்டியாக வைத்தது எது தெரியுமா? குளிருக்கு வெந்நீர் ஊற்றிப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்ச் செம்பு!

மனைவி சாச்சி அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்தார். ஜனங்கள் ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். உடனே கேட்டு வர ஆரம்பித்தார்கள். பழைய என்ஜின்கள் தீர்ந்ததும், ஹோண்டா தாமே என்ஜின் செய்தார்.

1948 செப்டம்பர் 24-ந் தேதி ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. மூலதனம் 10 லட்சம் யென். தொழிலாளர் 34 பேர்.

அடுத்த வருஷம் தாக்கியோ புஜிசாவா என்பவர் கூட்டாளியாக வந்து சேர்ந்தார். பணம், விற்பனை எல்லாம் அவர் பொறுப்பு. கம்பெனி முத்திரையையே ஹோண்டா அவரிடம் கொடுத்துவிட்டார். தாம் பட்டறையை விட்டு அசையவில்லை.

முன்கோபி. வேலையில் தவறு கண்டால் இடி முழக்கம்தான். கையில் இருக்கும் கருவி பறந்து வருவதும் உண்டு. தொழிலாளர்கள் அவருக்கு இடிமுழக்க அப்பா என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

சிரித்தவர்கள் மௌனமானார்கள்

1954-ம் ஆண்டு கம்பெனிக்குக் கண்டம். செய்த வண்டிகளில் சில விற்கவில்லை, சிலவற்றில் கோளாறு. கடன் கழுத்தை நெரித்தது.

அந்த நேரத்தில் ஹோண்டா ஒரு பிரகடனம் வெளியிட்டார். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மான் தீவு இருக்கிறது. அங்கே நடக்கும் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் உலகப் பிரசித்தம். அதில் தம் வண்டி கலந்துகொண்டு ஜெயிக்கும் என்று அறிவித்தார்!

வீட்டில் உலை கொதிக்கவில்லை. சீமந்தத்துக்குப் பட்டுப் புடவையா? அப்படித்தான் பலருக்கும் தோன்றியிருக்கும்.

அதே வருஷம் மான் தீவுக்கு நேரில் போய்ப் பந்தயத்தைப் பார்த்தார். பார்த்ததும் திகைத்துப் போனார். ஜெர்மன் வண்டிகளின் என்ஜின், அதே அளவுள்ள தம் என்ஜினைப் போல் மூன்று பங்கு பலம் காட்டியது! அவர் வாய் அடைத்துப் போனது. ஆனால் கை அடைபடவில்லை. ஐரோப்பாவில் கிடைத்த நல்ல உதிரிப் பாகங்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஐந்து வருஷம் உழைத்தார்கள். 1959-ல் ஹோண்டா வண்டிகள் மான் தீவில் இறங்கின. ஜப்பான் வண்டியா என்று பார்த்தவர்களுக்கு வேடிக்கை. 125 சி.சி. பந்தயத்தில் அவை 6, 7, 8, 11-வது இடங்களைப் பிடித்தன. கம்பெனிக் குழுப் பரிசும் கிடைத்தது. வேடிக்கை பார்த்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

1961-ல் என்ன நடந்தது? 125 சி.சி. பந்தயத்தில் முதல் ஐந்து இடமும் ஹோண்டா! 250 சி.சி. பந்தயத்திலும் முதல் ஐந்து இடமும் ஹோண்டா!

ஆங்கில நிபுணர்கள் அந்த என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். கைக்கடிகாரம்போல் இருந்தது வேலைப்பாடு. யாரையும் பார்த்துக் காப்பி அடித்தது அல்ல என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது.

சர்க்காரோடு சண்டை

மோட்டார் சைக்கிளில் ஜெயித்தாயிற்று. அடுத்தது கார்தான்.

ஆனால் சர்க்கார் குறுக்கே நின்றது. ஜப்பானில் கார்க் கம்பெனிகள் போதும், புதிதாக யாரும் வரவேண்டாம் என்று ஒரு சட்டம் கொண்டுவர வர்த்தக இலாகா முயன்றது. ஹோண்டாவுக்குக் கோபம் பொங்கியது. அதிகாரிகளிடம் நேரில் போய் வாதாடினார். சட்டம் வருவதற்குள் கார் செய்து காட்டிவிட வேண்டும் என்று தொழிற்சாலையை விரட்டினார்.

1962-ல் கார் தயார். சாதாரண வீட்டுக் கார் அல்ல. இரண்டு பேர் போகும் குட்டிப் பந்தயக் கார்! சுசுக்கா பந்தயத் திடலில் வியாபாரிகள் முன்னிலையில் அதை ஓட்டிக் காட்டியவர் ஹோண்டாவேதான்.

அதற்குச் சிவப்பு வர்ணம் வேண்டும் என்பது அவர் ஆசை. அது தீயணைக்கும் வண்டியின் நிறம், வேறு வண்டிக்குக் கூடாது என்றார்கள் அதிகாரிகள். ஒரு நிறத்தைச் சர்க்கார் தனக்கென்று எடுத்துக்கொள்வது எந்த நாட்டில் உண்டு என்று பத்திரிகையிலேயே எழுதிக் கேட்டார். கடைசியில் சிவப்புக்கு அனுமதி கிடைத்தது.

1963 அக்டோபரில் எஸ்-500 விற்பனைக்கு வந்தது. என்ஜின் வெறும் 531 சி.சி. பலமோ 44 குதிரைச் சக்தி! அப்போதைய சாதாரணக் கார் என்ஜின்கள் நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தடவை சுற்றினாலே மூச்சு வாங்கும். இது எட்டாயிரம் தடவைக்கு மேல் சுற்றியது.

கார்ப் பிரியர்கள் இரண்டு கட்சியானார்கள். பின்சக்கரத்துக்குச் சைக்கிள்போல் சங்கிலி ஓடுவதைக் கண்டு ஒரு கட்சி நகைத்தது. அந்தச் சின்ன என்ஜினின் ரீங்காரத்தைக் கேட்டு இன்னொரு கட்சி மயங்கியது. பின்னால் எஸ்-600, எஸ்-800 என்று வந்தன. எஸ்-800 மணிக்கு 160 கிலோமீட்டர் போயிற்று. சங்கிலியும் பிற்பாடு போய்விட்டது.

ஹோண்டா அதோடு நிற்கவில்லை. உலகத்திலேயே உயர்ந்த கார்ப் பந்தயமான ஃபார்முலா ஒன்றில் 1964 ஆகஸ்டில் இறங்கினார். வீட்டுக் கார் செய்து அனுபவமே இல்லாத கம்பெனி அது! மறுவருஷம், 1965 அக்டோபர் 24-ந் தேதி, மெக்சிகோ பந்தயத்தில் அமெரிக்க வீரர் ரிச்சி கின்தர் ஓட்டிய ஹோண்டா கார் முதலாவதாக வந்தது.

ரூவென் தீ

இங்கேதான் அவர் கதையில் ஒரு கரும்புள்ளி.

என்ஜின் ஓடினால் சூடாகும். அதைத் தண்ணீர் விட்டுக் குளிர வைக்கலாம். காற்றடித்தும் குளிர வைக்கலாம். ஹோண்டா காற்றுக் கட்சி. தண்ணீரையும் கடைசியில் காற்றுத்தானே ஆற்றுகிறது, நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவர் வாதம். மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. பெரிய கார் என்ஜினுக்குச் சரியாகுமா? ஆகாது என்று அவரிடமே வேலை பார்த்த இளம் என்ஜினீயர்கள் நினைத்தார்கள். அவர் காதில் அது ஏறவில்லை.

1968-ல் காற்றால் குளிரும் பந்தயக் கார் ஒன்றைச் செய்தார்கள். எடை குறைய வேண்டும் என்று உடம்பில் மக்னீசியம் என்ற உலோகத்தைச் சேர்த்தார்கள். அது தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். கம்பெனியின் பிரதம பந்தய வீரர் ஜான் சர்ட்டீஸ் ஓட்டிப் பார்த்தார். ஆபத்தான கார் என்று சொல்லி, ஓட்ட மறுத்துவிட்டார்.

ஜூலை 7-ந் தேதி பிரான்சில் ரூவென் நகரில் பந்தயம். அந்தக் காரை ஓட்டியவர் ஜோ ஷ்லெசர் என்ற பிரெஞ்சு வீரர். வயது 40. மழை பெய்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் கார் நிலை தவறி மேட்டில் மோதித் தீப்பற்றியது. ஷ்லெசர் அதிலேயே மாண்டார்.

அந்த வருஷ முடிவில் ஹோண்டா கம்பெனி பந்தயத்திலிருந்து விலகியது.

ஆனாலும் கிழவரின் பிடிவாதம் உடனே இளகவில்லை. 1969-ல் வந்த ஹோண்டா-1300 காரும் காற்றுக் கார்தான். கனம் கூடியது, செலவு கூடியது, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. தடாஷி குமே என்ற இளம் என்ஜினீயர் மனம் வெறுத்து, சிறிது காலம் வேலைக்கே வராமல் இருந்துவிட்டார்.

இளைஞர்கள் புஜிசாவாவிடம் போய் முறையிட்டார்கள். புஜிசாவா தம் நண்பரிடம் ஒரே கேள்வி கேட்டார். கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறாரா, அல்லது என்ஜினீயராக இருக்கப் போகிறாரா?

தலைவராகவே இருப்பதாக ஹோண்டா சொன்னார். அப்படியானால் இளைஞர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டும் என்றார் புஜிசாவா. ஹோண்டா ஒப்புக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் இரும்போடு மல்லுக்கட்டியவருக்கு அதைவிடக் கடினமான காரியம் வேறு இருந்திராது.

விளைவு? தண்ணீரால் குளிரும் என்ஜின்கள் வந்தன. கார்ப் புகை காற்றைக் கெடுக்கிறது என்று 1970-ல் அமெரிக்கா கடுமையான சட்டம் போட்டது. பெரிய கம்பெனிகளே கையைப் பிசைந்தபோது, அந்தச் சட்டத்துக்கு முதலில் ஈடுகொடுத்தது ஹோண்டாவின் புதிய என்ஜின்!

அமெரிக்கக் கம்பெனிகளை மிஞ்ச நல்ல சமயம் வந்தது என்று ஹோண்டா குதூகலித்தார். இளைஞர்கள் அதற்கும் ஒப்பவில்லை. தாங்கள் பாடுபடுவது கம்பெனிக்காக அல்ல, ஊர் ஜனங்கள் நல்ல காற்றைச் சுவாசிப்பதற்காக என்றார்கள். கிழவருக்குச் சுருக்கென்றது. தம் காலம் முடிந்தது என்று புரிந்துகொண்டார்.

எண்ணெய்க் கை

1973 அக்டோபரில் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒன்றாகப் பதவியை விட்டு இறங்கினார்கள். ஹோண்டாவுக்கு வயது 66. புதிய தலைவருக்கு வயது 45. தம் பிள்ளைகளைக் கம்பெனிக்குள் கொண்டுவருவதில்லை என்று இருவரும் வைத்திருந்த விரதத்தையும் காப்பாற்றினார்கள்.

பிறகு ஹோண்டா ஒரு யாத்திரை கிளம்பினார். கோயில் யாத்திரை அல்ல. ஜப்பான் முழுவதும் உள்ள தம் தொழிற்சாலைகள், கடைகள், பழுதுபார்க்கும் பட்டறைகள் என்று சுமார் 700 இடங்களுக்கு நேரில் போனார். அங்கே வேலை செய்த ஒவ்வொருவரிடமும் கை குலுக்கி நன்றி சொன்னார்.

ஓரிடத்தில் ஒரு தொழிலாளி கையை நீட்டியவர், எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கழுவிவிட்டு வர ஓடப் பார்த்தார். ஹோண்டா விடவில்லை. அந்த எண்ணெய்க் கைதான் தமக்குப் பிடிக்கும் என்று சொல்லி இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு தம் கையை மோந்து பார்த்தார்.

அவருடைய கை மட்டும் எப்படி? இடது கை முழுவதும் தழும்பு. சம்மட்டி பிடித்தது வலது கை. அடி வாங்கியது இடது கை. ஒவ்வொரு தழும்பும் எப்படி வந்தது என்று படம் போட்டு விளக்கியே எழுதியிருக்கிறார்.

பசுமாடும் புலியும்

இனி மறுபடியும் 1989-க்கு வருவோம்.

என்.எஸ்.எக்ஸ். காரை ஹோண்டா வரையவில்லை. ஷிகெரு உவெஹாரா என்ற என்ஜினீயரின் தலைமையில் ஒரு குழு செய்தது. அப்போது கம்பெனித் தலைவர் யார் தெரியுமா? அன்று மனம் வெறுத்து வேலைக்கு வராமல் இருந்த அதே தடாஷி குமே! என்ஜின், தண்ணீரால் குளிர்வது.

பிரேசில் நாட்டுப் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா அப்போது ஹோண்டா என்ஜின் பூட்டிய பந்தயக் காரில் உலக சாம்பியன். அவரைச் சுசுக்கா திடலில் இந்தக் காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டிவிட்டு இறங்கியவர் முகஸ்துதி செய்யவில்லை. காரின் உடம்பு இன்னும் உறுதியாக இருக்க வேண்டும் என்றார். பழைய ஹோண்டாவாக இருந்தால் இடி முழங்கியிருக்கும். இவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஜெர்மனியில் நர்பர்க்ரிங் மலைப்பாதையில் பல மாதம் ஓட்டி ஓட்டி, உடம்பைப் பெரிதும் பலப்படுத்தினார்கள்.

1990 செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 80 லட்சம் யென்னுக்குச் சற்று மேல். மூன்று லிட்டர் என்ஜின். 280 குதிரைச் சக்தி.

கார்ப் பிரியர்கள் என்ன சொன்னார்கள்?

இத்தாலியக் கார்களுக்குப் பழகியவர்களுக்கு ஒரு குறை. அந்தக் காரில் உள்ளே வெயில் கொளுத்தும். கிளட்சை மிதிக்கக் கால் வலிக்கும். பின்னால் வருவது தெரியாது. அடிக்கடி பட்டறைக்குப் போகும். இந்தக் காரிலோ நாலு பக்கமும் தெளிவாகத் தெரிகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. கடைவீதிக்கும் போகலாம், பந்தயத் திடலுக்கும் போகலாம். இவ்வளவு சாதுவானது எப்படிப் புலி ஆகும்? கொஞ்சம் கடிக்க வேண்டாமா? இதற்கு உயிர் இல்லை என்றார்கள் சிலர்.

மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். வேகம் வேண்டும் என்றால் அவஸ்தையும் வேண்டும் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் ஆரம்பத்தில் குறித்த விலைக்கு மேலும் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு.

இந்த வழக்கில் பெரிய தீர்ப்பைச் சொன்னவர் கார்டன் மர்ரே. மக்லாரன் எஃப்-1 என்ற அதிவேகக் காரை அமைத்தவர் அவர். இந்த ஜப்பான் காரை ஓட்டிப் பார்த்ததும், ஃபெராரி, போர்ஷே முதலியவற்றை அளவுகோலாக வைத்திருந்ததை அவர் விட்டுவிட்டார், என்.எஸ்.எக்ஸ். காரையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்.

இத்தாலியிலும் மாறுதல் வந்தது. பின்னால் வந்த வேகக் கார்கள் முன்னைவிட ஓட்ட எளிதாயின. அந்த மாறுதலில் இந்தக் காருக்குப் பங்கு உண்டு என்று கார் பற்றி எழுதுபவர்கள் இன்றும் சொல்கிறார்கள். முதல் என்.எஸ்.எக்ஸ். 2005 வரை உற்பத்தியில் இருந்தது.

அமைதியாகப் போனார்

1989-ல் அமெரிக்காவின் மோட்டார் பெரியோர் மண்டபத்தில் ஹோண்டாவின் பெயரைச் சேர்த்தார்கள். அந்தக் கௌரவம் பெற்ற முதல் ஜப்பானியர் அவர்தான். புஜிசாவா அதற்குச் சில மாதம் முன்பு, 1988 டிசம்பரில் காலமாகியிருந்தார். ஹோண்டா பதக்கத்தை எடுத்துக்கொண்டு நேரே நண்பரின் வீட்டுக்குப் போனார். பூஜை மாடத்தில் அதை வைத்து, இது இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது என்று கும்பிட்டார்.

1991 ஆகஸ்டு 5-ந் தேதி டோக்கியோ ஆஸ்பத்திரியில் சோய்ச்சிரோ ஹோண்டா காலமானார். வயது 84.

பெரிய கம்பெனியை ஸ்தாபித்தவர் இறந்தால் ஆடம்பரமாகச் சவ அடக்கம் நடத்துவது ஜப்பானில் வழக்கம். தமக்கு அது வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். கார் செய்து விற்றவர் சாவால் தெருவில் கார்கள் நெருக்கடியில் நிற்கக் கூடாதாம்!

ஆறு நாள் கழித்து ஹங்கேரியில் ஃபார்முலா ஒன்று பந்தயம். சென்னா கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஹோண்டா என்ஜின் பூட்டிய காரில் ஏறினார். முதலாவதாக வந்தார்.

உலகம் சிரித்தபோதெல்லாம் ஹோண்டா வாயால் பதில் சொல்லவில்லை; வண்டியால் சொன்னார். ஆனால் அந்தப் பதில்களில் கடைசியானதும் சிறந்ததுமான காரை அவர் கை செய்யவில்லை. தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு அவர் வழிவிட்டாரே, அந்த இளைஞர்களின் கை செய்தது.

கார் பின்னால் ஓடிய சிறுவன் நல்ல கார் செய்யக் கற்றுக்கொள்ள ஐம்பது வருஷம் ஆயிற்று. ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டது அதற்கும் பிறகுதான்.